ஏரியை வெளுத்தவர்

"நாலு மைல் ஏரி. பச்சைப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி கிடந்துச்சு. ஒரே ஞாயித்துக்கிழமை, தனியாளா இறங்கி, அழுக்குத் துணியை வெளுக்கிற மாதிரி வெளுத்து, நீலம் போட்டு அலசி வெச்சவன் நான்!"

ஆகாசம் இதை ஆரம்பித்தால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஈகூட எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடும். அத்தனை தடவை கேட்ட கதை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஓய்வூதியப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. முதலில் ஆகாசப்புளுகர் என்றார்கள். பம்ப் ஹவுஸில் முப்பத்தாறு வருஷம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றதும், வயசுக்கு மரியாதை கொடுத்துப் புளுகை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

எல்லார் வாயிலும் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும். இவர் வாயில் கட்டெறும்பு வளர்ந்து கழுதையாகி, கழுதை வளர்ந்து யானையாகி, யானைக்கு இறக்கையும் முளைத்துவிடும். மோட்டார் நின்றுபோன ஒருநாள் குழாயில் வாய் வைத்து உறிஞ்சியே ஊருக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார். அவர் ஓய்வு பெற்ற அன்றைக்கு ஏரி துக்கம் தாங்காமல் ஒரு அடி இறங்கிப்போயிருக்கிறது. ஆனாலும் ஏரியை வெளுத்த கதைதான் அவருக்குச் செல்லப்பிள்ளை. மயில்துத்தம் தெரியுமல்லவா, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அடிக்கிற நீலக் கல்? அதை மூட்டை மூட்டையாகப் படகின் இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டு, ஏரி முழுக்க இழுத்துக்கொண்டு போனாராம். தண்ணீரில் கரையக் கரைய, பாசி செத்துக்கொண்டே வந்ததாம். குளிர்நாளில் சொன்னால் நூறு மூட்டை. வெயில் ஏறிவிட்டால் முந்நூறு.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் சிரிக்க மாட்டார். அவருக்கு ஊர் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஆகாசத்தின் மச்சான், இறந்துபோன மனைவியின் தம்பி. அதே தண்ணீர் நிலையத்து லேபில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டவர். அக்கா போய் முப்பத்திரண்டு வருஷமாகியும் போகாதவர்.

"அத்தான், எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பார். "ரெண்டு பக்கமும் மூட்டை தொங்குது. ஒரு பக்கம் சீக்கிரம் கரையும். படகு சாயும். மூட்டையை மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டே இருக்க ஒரு ஆள் வேணும். அப்போ துடுப்பைப் போட்டது யாரு?"

"வலது கையில துடுப்பு, இடது கையில மூட்டை."

"கயித்து முடிச்சு?"

"பல்லாலே போட்டேன்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல. லேப் ரிஜிஸ்டர்ல ஒரு வரி கிடையாது. எழுதினவன் நான். எனக்குத் தெரியாதா?"

"மச்சானுக்கு மைக்ராஸ்கோப்புல தெரியாத எதுவும் உலகத்துலயே கிடையாது!" என்பார் ஆகாசம். கடை முழுக்கச் சிரிக்கும். பூதக்கண்ணாடி டீயை ஆறவைத்துவிட்டு, ஆறிய டீயைக் குடிக்காமலே எழுந்து போவார். இருபது வருஷமாக இதே கேள்வி, இதே பதில், இதே ஆறிய டீ.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. பதினெட்டு நாளாக ஒரு இலைகூட அசையவில்லை. ஏரி மறுபடியும் பச்சையாகப் படர்ந்துவிட்டது. காலையில் மேலே மிதந்து தோல் கட்டும். கரையோரம் ஒதுங்கியது காய்ந்து ஓடு ஓடாக உரியும். அழுகின புல்லும் செத்த மீனும் சேர்ந்த நாற்றம். பம்ப் ஹவுஸ் ஆட்கள், தண்ணீர் உள்ளே வருகிற வாயில் இருக்கிற வலைத்தட்டியில் ஒட்டின பாசியை வாருகோலால் வழித்து வழித்து, கையெல்லாம் அரித்துத் தடித்துப்போய்த் திரிந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வந்து இறங்கி, இந்த ஏரியில் யாராவது மயில்துத்தம் போட்டதுண்டா என்று விசாரித்தாள்.

டீக்கடைக்காரர் வேடிக்கைக்காகச் சொல்லிவைத்திருக்கிறார்: "மயில்துத்தமா? எங்க ஊர்ல அதுக்குன்னே ஒருத்தர் இருக்காரு. முந்நூறு மூட்டை!" அவள் சிரிக்கவில்லை. முகவரியை எழுதிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள்.

பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் வீடு. ஏரியைப் பார்த்த ஜன்னல். நாற்றத்துக்குப் பயந்து அதைச் சாத்தி, சந்தில் ஈரத்துணி அடைத்திருந்தார்கள். கீழே பேக்கரியில் வேலை பார்க்கிற ஆகாசத்தின் மகள் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து ஏறி வந்திருந்தாள், முழங்கை வரை மாவு. வந்தவளுக்கு ரொட்டியும் டீயும் வைத்தாள்.

ஆராய்ச்சிப் பெண் பையிலிருந்து கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே கறுப்பும் பழுப்புமாகச் சேறு, அடுக்கடுக்காக.

"என்னம்மா இது, எங்க வீட்டுல இல்லாத அழுக்கா?" என்றார் ஆகாசம்.

"உங்க ஏரியோட அடிமண்ணுங்க ஐயா. குழாயைச் செங்குத்தா இறக்கி அப்படியே தூக்கிடுவோம். மேல இருக்கிறது இந்த வருஷத்துச் சேறு, கீழே போகப் போகப் பழசு. கேக் வெட்டற மாதிரி—" மேசையில் இருந்த ரொட்டியைப் பார்த்துத் திருத்திக்கொண்டாள். "இந்த ரொட்டி மாதிரி வில்லை வில்லையா நறுக்கி, ஆளுக்குக் கொஞ்சம் அனுப்புவோம். ஒரு ஊர்ல மண்ணோட வயசைச் சொல்லுவாங்க. இன்னொரு ஊர்ல அதுல என்ன உலோகம்னு பார்ப்பாங்க. இன்னொருத்தர் செத்த பாசியோட மிச்சத்தைத் தேடுவாரு. மொத்தம் அஞ்சு லேப், எட்டு ஏரி."

"அஞ்சு ஊர்க்காரங்க சேர்ந்து சேத்தைப் பங்கு போட்டுக்கறீங்க! எங்க சொந்தக்காரங்க வீட்டையே இவ்வளவு ஒத்துமையாப் பிரிச்சதில்லை."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு விரலைக் குழாயின் நடுவில் ஒரு இடத்தில் வைத்தாள்.

"இந்த வில்லையில மட்டும் தாமிரம். மேலயும் இல்ல, கீழயும் இல்ல. மயில்துத்தத்துல இருக்கிற தாமிரம். முப்பது, முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒரே தடவையாக் கொட்டியிருக்காங்க. ஆபீஸ்ல கேட்டா எந்தக் காகிதமும் இல்ல. யார் போட்டது, எவ்வளவு, அப்புறம் என்ன ஆச்சு, இதுதான் எனக்குத் தெரியணும்."

"இப்போ தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது?" என்று கேட்டது பூதக்கண்ணாடி. மூலையில் நாற்காலியில் இருந்தார்.

"மேல் ஏரி ஊர்ல அதையே செய்யப் போறாங்க ஐயா. வெள்ளிக்கிழமை கூட்டம். மூட்டையெல்லாம் வந்து இறங்கியாச்சு. இந்தப் பாசி உயிரோட இருக்கிறவரைக்கும் விஷத்தைத் தன் மடியிலேயே கட்டி வெச்சிருக்கும். மயில்துத்தம் போட்டா வெடிச்சுச் செத்துடும். மடியில இருந்த மொத்தமும் தண்ணியில கலந்துடும். தண்ணி பளிங்கு மாதிரி ஆயிடும். பார்க்கிறவங்க சுத்தமாச்சுன்னு சந்தோஷப்படுவாங்க. மைக்ராஸ்கோப்புல பார்த்தாலும் ஒரு பாசிகூடத் தெரியாது. ஆனா அன்னைக்குத்தான் அந்தத் தண்ணி மகா மோசம். கொதிக்கவெச்சாலும் போகாது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில சிறுநீரக மெஷின்ல இருபத்திரண்டு பேர் இருக்காங்க. நான் சொன்னா, 'இதெல்லாம் புத்தகத்துல இருக்கும், நம்ம தண்ணியில நடந்திருக்கா?'ன்னு கேக்கறாங்க."

பூதக்கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

"நீங்க முந்நூறு மூட்டைன்னு சொன்னீங்களாமே ஐயா? எங்க கணக்குப்படி அவ்வளவு இருக்காது. பத்து, மிஞ்சிப்போனா பன்னெண்டு."

ஆகாசத்தின் வாழ்நாளில் அவர் சொன்ன எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் ஆயிரம் பேர். சரியான இடத்தில் வந்து நிறுத்தியவர் யாரும் இல்லை. அவருடைய வாய் திறந்தது, மூடியது. ஒரு ஈ நுழைந்து வாடகைக்கு இடம் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம், அவ்வளவு நேரம்.

"அது சும்மா சொன்னதும்மா" என்றார். "புளுகு. ஊர்ல யாரை வேணா கேளு, நான் சொல்ற எதுவும் நடந்ததில்லை."

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். தன் கதையைப் பொய் என்று அவரே சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாயங்காலம் அத்தானும் மச்சானும் ஏரிக்கரை சிமென்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். மூக்கில் கைக்குட்டை. எதிரில் பம்ப் ஹவுஸ் ஆள் ஒருவன் தட்டியை வழித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அந்தப் பொண்ணு நேத்து சொன்னது—"

"மழை வரும்போல இருக்கு அத்தான்."

"வானத்துல பொட்டு மேகம் இல்லையே."

"இல்லாட்டியும் வரும்."

பிறகு பூதக்கண்ணாடிதான் வாயைத் திறந்தார்.

"ஏன் அத்தான் இத்தனை வருஷமா அதைச் சொல்லிக்கிட்டே இருக்கீங்க?"

"நீ ஏன் இத்தனை வருஷமா அது நடக்கலைன்னே சொல்லிக்கிட்டு இருக்கே?"

இருவரும் ஏரியைப் பார்த்தார்கள்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாலும் ஏரி இப்படித்தான் கிடந்தது. ஆகாசத்தின் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒரு வருஷமாகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. குடிக்க அவளுக்கு ஒரு நாளைக்கு அளந்து இரண்டே டம்ளர் தண்ணீர். நாக்கு வறண்டால் ஐஸ் துண்டு ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். ஆனால் ஒரு தடவை படுத்து எழுந்தால் அந்த மெஷின் நூற்றிருபது லிட்டர் ஊர்க் குழாய்த் தண்ணீரை அவள் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடவிட்டு அலசும். இதை ஆகாசம் சொன்னால் டீக்கடையில் கையைத் தட்டிச் சிரிப்பார்கள். அவர் சொன்னதிலேயே ஒரு சொட்டுக்கூடக் கூட்டாமல் சொன்னது அது ஒன்றுதான்.

அந்த ஜன்னலோரம்தான் அவள் கட்டில். "இந்த நாத்தம் மட்டும் போயிட்டா ரெண்டு வாய் சாப்பிடுவேன்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. ஃபோர்மேன் கையில் ஸ்டோர் சாவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் ஆள் இல்லை. மேலே கேட்டால் காகிதம் நகர ஒரு மாசம் ஆகும். அவளுக்கு எத்தனை மாசம் என்று யாருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமை ஏரி நீலமாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தார்கள். அவள் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு துண்டு ரொட்டி, ஒரு முட்டை முழுசாகச் சாப்பிட்டாள். ஏழு வயசு மகளுக்குத் தலைவாரிப் பின்னினாள். "பாருடி, உங்கப்பா சொன்னதைச் செஞ்சுட்டாரு" என்றாள். அன்றைக்கு லேபில் தண்ணீரைப் பார்த்து, பாசி ஒன்றுகூட இல்லை, சுத்தம் என்று கையெழுத்துப் போட்டது தம்பி.

புதன்கிழமை மெஷினில் படுத்து எழுந்தவள், "வெளிச்சம் கலங்கலா தெரியுது" என்றாள். மறுநாள் வாந்தி. அடுத்த வாரம் கண்ணெல்லாம் மஞ்சள். அந்த வார்டில் அதே மாதிரி ஒன்பது பேர். ஐந்து பேர் திரும்பவில்லை. கல்லீரலில் ஏதோ கிருமி என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஏரி அவ்வளவு அழகாக இருந்தது.

பன்னிரண்டு வருஷம் கழித்து, வீட்டுக்கு வருகிற விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் ஆகாசம் ஒரு ஓட்டையைப் பார்த்தார். ஒரு பக்கத்தைச் சதுரமாக, ஓரம் பிசகாமல் கத்தரித்து எடுத்திருந்தது. அவ்வளவு நேராக வெட்டுகிற கை அந்த வீட்டில் ஒன்றுதான். கடைக்குப் போய் இன்னொரு பிரதி வாங்கி, அந்த ஓட்டையில் இருந்ததைப் படித்தார். வேறெங்கோ ஒரு ஏரி, ஒரு ஆஸ்பத்திரி, அதே மாதிரி மெஷின். படித்துவிட்டுப் பத்திரிகையைக் குப்பையில் போட்டார். மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சானும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் டீக்கடையில் முதன்முதலாக, நூறு மூட்டை, தனியாளா, பல்லால் முடிச்சு என்று ஆரம்பித்தார். நெஞ்சில் கிடந்ததை வெளியே கொட்டியாக வேண்டும்; கொட்டினதை யாரும் நம்பியும் விடக்கூடாது. ஆகாசத்துக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதானே.

வியாழக்கிழமை காலையில் அவரே ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போன் போட்டு வரச்சொன்னார். அவள் வந்து ஒலிப்பதிவுக் கருவியை மேசையில், ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மகள் வேலைக்குக் கிளம்பினவள் நின்றாள். பூதக்கண்ணாடி மூலை நாற்காலியில்.

"எழுதிக்கோ டாக்டரம்மா. ஏரி முழுசும் இல்ல. பம்ப் ஹவுஸ் பக்கத்து வளைவு மட்டும். பதினொரு மூட்டை, மூட்டைக்கு இருபத்தஞ்சு கிலோ. காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சு மத்தியானம் ரெண்டு மணிக்கு முடிஞ்சுது. கை ரெண்டும் நீலமாயிடுச்சு, நகக்கண்ணுல ஒரு மாசம் போகல."

அவர் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வாரிசு இல்லாத வீட்டுச் சாமான்களை எண்ணி ஒப்படைக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை. ஒன்பது பேர், ஐந்து பேர். பன்னிரண்டாம் நாள்.

"அப்பா" என்றாள் மகள். கதவுப் பிடியில் இருந்த கையை அவள் எடுக்கவே இல்லை. "எனக்குத் தலைவாரிவிட்டாங்களே அம்மா, அன்னைக்கா?"

"அதுக்கு மறுநாள்தான் மெஷின்."

"ரொட்டி சாப்பிட்டாங்க."

"ரெண்டு துண்டு."

"நீங்க அதை... இத்தனை வருஷமா டீக்கடையில, சிரிச்சுச் சிரிச்சு..." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது. ஆகாசம் எழுந்து போய் அந்த முதுகில் கை வைக்கப் பார்த்தார். தன் கையைத் தானே ஒரு தடவை பார்த்தார். கீழே போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆராய்ச்சிப் பெண் கருவியைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு மெதுவாக, "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இதைக் கேட்டே ஆகணும். நாளைக்குக் கூட்டத்துல அவங்க இந்த ஊருக்குப் போன் போட்டு விசாரிப்பாங்க. 'ஆகாசமா? அவர் சொன்னதை நம்பி வந்தீங்களா?'ன்னு சிரிப்பாங்க. அப்புறம் மூட்டையைப் பிரிச்சுடுவாங்க. அதனால கேக்கறேன். உங்ககூட வேற யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. தனியாத்தான்."

"படகுல ரெண்டு பக்கமும் மூட்டை கட்டினா ஒருத்தரால முடியாதே ஐயா. ஒருத்தர் மூட்டையைப் பார்த்தா, துடுப்பைப் போட்டது யாரு?"

"நான்தான்மா. ஒரு கையில துடுப்பு, ஒரு கையில மூட்டை."

"முடிச்சு?"

ஆகாசம் ஜன்னலைப் பார்த்தார். "பல்லால போட்டேன்."

மகள் திரும்பினாள். கண்ணைப் புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் மாவு. "அப்பா, இப்பவாவது புளுகாதீங்கப்பா. இருபத்திரண்டு பேருங்கறாங்க. அதுல ஒருத்தி வீட்டுல என்னை மாதிரி ஒண்ணு இருக்கும்."

"தனியாத்தான் போனேன்" என்றார் ஆகாசம் மறுபடியும். "சாவி என்கிட்ட. படகு என்கிட்ட. பாவமும் என்கிட்டவே இருக்கட்டுமே. அவனை எதுக்கு..."

சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கினார். ஆனால் அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. மூலையில் நாற்காலி கிறீச்சிட்டது.

பூதக்கண்ணாடி எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம். திரும்பி வந்தவர், நாலு ஓரமும் பிசகாமல் வெட்டிய, பழுத்துப்போன ஒரு காகிதத்தை மேசையில் விரித்தார். அதன் மேல் பழைய லேப் சீட்டு ஒன்றை வைத்தார். கீழே ஒரே சொல்: சுத்தம். அதற்கும் கீழே கையெழுத்து.

"மச்சான், வேண்டாம்" என்றார் ஆகாசம். "நீ நடக்கலைன்னே சொல்லு. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"வாயை மூடுங்க அத்தான். இருபது வருஷம் நீங்க பேசியாச்சு." கருவிக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வளைந்த முதுகை எவ்வளவு நிமிர்த்த முடியுமோ அவ்வளவு நிமிர்த்தினார். மகளைப் பார்த்தார், பார்வையை அவளிடமிருந்து எடுக்காமலே பேசினார்.

"துடுப்புப் போட்டது நான். கணக்குப் போட்டதும் நான். மூட்டை பதினொண்ணு இல்லம்மா, அவருக்குச் சரியா ஞாபகம் இல்ல. என் கணக்குக்குப் பதினொண்ணு போதும். பன்னெண்டாவது மூட்டையை நான்தான் தூக்கிக் கட்டினேன், அக்காவுக்குச் சீக்கிரமா நாத்தம் போகட்டும்னு."

பதிவுக் கருவியில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"நடந்துச்சு. அவர் சொன்னது நடந்துச்சு."